பெயின்ட் அடிக்காத சங்கு

நண்டுக்காகக் கூடப்பிறந்த தம்பியின் மானத்தை நாலு பேர் முன்னால் வாங்கிய அக்கா உலகத்தில் வேறு எவளாவது இருந்தால் காட்டு என்று பெயின்டர் எட்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்டவர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர், "திங்கிற நண்டா?" என்றார்கள். அதில் அவனுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

திங்கிற நண்டு இல்லை. சங்கு நண்டு. பின்பாதி உடம்பு ஓடில்லாமல் மெத்தென்று இருக்கும். காலிச் சங்கு ஒன்றில் அதைச் சொருகிக்கொண்டு, வீட்டை முதுகில் இழுத்தபடி திரியும். மீன்தொட்டி, கிளிக்கூண்டு விற்கிற கடையில் குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுப்பார்கள். வெறும் சங்கென்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று கடைக்காரன் சங்குகளுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் தேடினான். அகப்பட்டவன் நம்ம பெயின்டர்.

மோட்டார் சைக்கிள் டேங்குக்கு அடிப்பதுதான் அவன் தொழில். பதினாலு வயசில் பட்டறைக்குப் போனவன். டேங்கின் ஓரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக வெள்ளைக் கோடு போடுவான். மூச்சு விட்டால் கோடு ஆடிவிடும். சங்குக்கும் அதே வேலைதான். சிவப்பு, அதன்மேல் இரண்டு வெள்ளைக் கோடு, வார்னிஷ். எலுமிச்சம்பழம் அளவுச் சங்கில் கோடு ஆடாமல் நின்றதைப் பட்டறையே கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தது.

அந்தக் கடைக்குத்தான் ஒரு மத்தியானம் அக்கா வந்தாள். சங்குத் தட்டைத் தூக்கி எல்லாரும் பார்க்கிற மாதிரி மேஜையில் வைத்தாள்.

"வாங்காதீங்க. இந்தப் பெயின்ட் உதிர்ந்து நண்டு வயித்துக்குள்ள போகுது. பழைய சங்கை உடைச்சு, வேற வழியில்லாம இதுக்குள்ள நுழைய வெச்சிருக்காங்க. பெயின்ட் அடிச்சவன் என் தம்பிதான். அதோ நிக்கிறான் பாருங்க."

அடுத்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவன் அங்கேயே நின்றான். அதற்கப்புறம் கடைக்காரன் அவனைக் கூப்பிடவே இல்லை.

அதற்கு முந்தின வாரம்தான் அவள் வீட்டில் உட்கார்ந்து சிகரெட்டை வாயில் வைத்த இவன் கையிலிருந்து தீப்பெட்டியைப் பிடுங்கித் தெருவில் வீசியிருந்தாள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டான். இவளுக்கு நம்மைக் கண்டாலே ஆகவில்லை. அதோடு அவள் வீட்டுப் படி மிதிப்பதை விட்டான். கல்யாணம், சாவு என்றால் பார்ப்பார்கள், "சாப்டியா?" "ஆச்சு." முடிந்தது பேச்சு.

அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. கல்யாணமான மூணாம் வருஷமே புருஷன் போய்ச் சேர்ந்தான், பிள்ளை இல்லை. முப்பத்தொரு வருஷம் அடுத்தவர் படுத்த விரிப்புகளை அலசினாள். ரத்தக்கறை பட்டதை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் போடவேண்டும், சுடுதண்ணீர் பட்டால் கறை துணியோடு சம்பந்தம் பண்ணிக்கொள்ளும் என்பாள். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் குழந்தைகள் வார்டிலிருந்து வந்த மூட்டையை உதறியபோது தலையணை உறையிலிருந்து ஒரு நண்டு விழுந்தது. ஏதோ பிள்ளை ஒளித்து வைத்தது. காலெல்லாம் தொங்கிப்போய், சங்கிலிருந்து பாதி சரிந்து கிடந்தது. வார்டில் கேட்டாள். அந்தக் கட்டில் காலி என்றார்கள். மேலே எதுவும் கேட்காமல் ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அதைப் பெரியவன் என்று கூப்பிட்டாள்.

பெரியவன் பிழைத்ததும் ஊரில் இருக்கிற நோஞ்சான் நண்டெல்லாம் அவள் வீட்டுக்கு வர ஆரம்பித்தது. "வாங்கி ரெண்டே நாள்ல சோர்ந்து போச்சுக்கா" என்று டப்பாவை நீட்டுவார்கள். "கல்யாணமாகி வந்த பொண்ணை அன்னிக்கே ஆடு, பாடுன்னு சொல்லுவீங்களா? பத்து நாள் கையில தூக்காதீங்க. இருட்டா, வெதுவெதுன்னு விடுங்க" என்பாள். குழாய்த் தண்ணீரை, குளோரின் போகட்டும் என்று, ஒருநாள் வாளியில் திறந்து வைத்துத்தான் ஊற்றுவாள். ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர், ஒன்றில் உப்புத் தண்ணீர். மணல் ஒரு முழங்கை ஆழம். பிடித்தால் உருண்டை நிற்கிற ஈரம். தொட்டிக்கு எப்போதும் மூடி. காற்று காய்ந்தால் அதுகளுக்கு மூச்சு முட்டும்.

இதெல்லாம் பெயின்டருக்குத் தெரியாது. போன மழைக்காலத்தில் அக்காவின் பக்கத்து வீட்டு அம்மா பட்டறைக்கு வந்தாள்.

"உங்கக்காவ ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு. நுரையீரல்ல தண்ணி கோத்துருச்சாம். உங்கள வரச் சொன்னாங்க. சண்டை போடணும்னாலும் வந்தே போடச் சொன்னாங்க."

போனான். பாதியாக இளைத்துக் கிடந்தாள். அவன் உட்காரும் முன்னால் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"பாரு, கறையைச் சுடுதண்ணில போட்டுருக்காளுங்க. ஒரு மாசம்தான் நான் போகல."

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தாள். "பெரியவன் மணலுக்குள்ள போய் அஞ்சு வாரம் ஆச்சு. தோலுரிக்கிறான். தோண்டிடாத. இப்ப உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும், கை பட்டா போயிடுவான்."

"செத்துப் போயிருந்தா?"

"அழுகி மணலே கெட்டுடும். மேல இருக்கற மத்த ஆறு நண்டும் போயிடும். அதான் தினம் மோந்து பாரு. செத்திருந்தா நாத்தம் குடலைப் புரட்டும். இல்லன்னா உயிரோட இருக்கான்."

 பெயின்டருக்கு மோப்பம் போய் ரொம்ப நாளாகிறது. முகத்தில் துணி கட்டாமல் பெயின்டில் கலக்கும் தின்னர் புகையில் நின்றே காலம் தள்ளியதில் போனது. பட்டறையில் துணி கட்டிக்கொள்கிறவனைப் 'புதுப்பொண்ணு' என்று கேலி செய்தவன், இதை யாரிடம் போய்ச் சொல்வான்? வீட்டில் பால் தீய்ந்தால்கூடப் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இவன் முகத்தைச் சுளிப்பான்.

"சரிக்கா" என்றான்.

எட்டு நாள் வேலைக்குப் போகிற வழியில் அக்கா வீட்டைத் திறந்தான். தண்ணீர் மாற்றினான், ஆப்பிள் துண்டு வைத்தான். தொட்டிக்குள் தலையை விட்டு நெஞ்சு விரிய இழுத்தான். கண்ணாடியை மோந்தாலும் மணலை மோந்தாலும் ஒன்றுதான். சாயங்காலம் வார்டில், "நாத்தம் இல்லக்கா" என்பான். அவள் நிம்மதியாகக் கண்ணை மூடுவாள். அவள் அப்படி நம்புவதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள் தொட்டிக்குள் ஈ மொய்த்தது.

கரண்டியை எடுத்து மூலையில் ஒரு கரண்டி மணலை அள்ளினான். கை நின்றுவிட்டது. உயிரோடிருந்தால் இந்தக் கரண்டியே எமன். செத்திருந்தால் தோண்டாததுதான் எமன். பக்கத்து வீட்டு அம்மாவை, வந்து மோந்து பார்க்கச் சொல்லி, ஓடிப்போய்க் கூப்பிட்டான்.

"என்ன விட்டுடுங்க" என்று அவள் இரண்டடி பின்னால் போனாள். "போன வருஷம் நாத்தம் அடிக்குதுன்னு நான்தான் தோண்டினேன். கிண்ணத்துல கிடந்த மீன் துண்டு நாறியிருக்கு. நண்டு உயிரோட இருந்துச்சு, என் கையிலயே போச்சு. உங்கக்கா ஒரு வார்த்தை திட்டல. அதான் இன்னும் தாங்க முடியல."

அள்ளிய மணலைத் திருப்பிப் போட்டான். நகத்தில் மணலோடு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

"அக்கா, எட்டு நாளா பொய் சொன்னேன். எனக்கு மூக்கு செத்துப் போச்சு. எதுவும் தெரியாது."

"தெரியும்" என்றாள்.

"எப்படி?"

"எட்டு வருஷத்துக்கு முன்ன, கேஸைச் சரியா மூடாம நான் கடைக்குப் போயிட்டேன். திரும்பி வந்தா வாசப்படியிலயே மூச்சடைக்குது. நீ உள்ள உக்காந்து தீப்பெட்டியை எடுக்கற."

அவன் நகத்து மணலைச் சுரண்டினான். "அப்ப கடையில வந்து கத்தினியே. அது நண்டுக்காகவா, எனக்காகவா?"

"நாள் முழுக்கப் பட்டறையில குடிக்கற புகை பத்தாதுன்னு ராவெல்லாம் கதவைச் சாத்திக்கிட்டு சங்குக்கு வேற அடிச்ச." மூச்சு வாங்கினாள். "ரெண்டு பேருக்கும்தான். நண்டுக்குக் கொஞ்சம் கூட."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது முகம் நனைந்திருந்தது.

"பின்ன ஏன் என்னை மோந்து பாக்கச் சொன்ன?"

"மூக்கு இருக்கறவங்க அவசரப்படுறாங்கடா. நீ தோண்ட மாட்டேன்னு நெனச்சேன்."

"ஒரு கரண்டி தோண்டிட்டேன். திருப்பிப் போட்டுட்டேன்."

"ஆப்பிள் துண்டை மறுநாள் எடுத்தியா?"

அவன் தலையைச் சொறிந்தான்.

"அதான் ஈ. போ, எடுத்துப் போடு. மூடிய மூடு. சும்மா இரு."

இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் அக்கா போய்விட்டாள். சலவைக்கூடத்துப் பெண்கள் விரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து போர்த்தினார்கள். அதில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

பெயின்டர் தொட்டியைத் தன் வீட்டுக்குத் தூக்கவில்லை, ஆட்டினால் மணல் சரியும் என்று. தினம் அங்கேயே போனான். தண்ணீர் மாற்றினான், பழத்தை எடுத்துப் போட்டான், மோந்து பார்க்கவில்லை. நம்பிக்கை என்றெல்லாம் சொல்ல முடியாது. தோண்டாமல் இருப்பது ஒன்றுதான் அவன் கையில் இருந்தது. பட்டறையில் முகத்தில் துணி கட்டிக்கொண்டான். யாரோ 'புதுப்பொண்ணு' என்றான். பெயின்டர் முடிச்சை இன்னும் இறுக்கினான்.

அக்கா போய் இருபத்திமூணாம் நாள் காலையில் மணல்மேல் ஒரு பள்ளம் தெரிந்தது. பக்கத்தில் பெரியவன் இருந்தான். கால்கள் புதுசாகப் பளபளத்தன; மீசை காற்றைத் துழாவியது. முதுகில் சிவப்புச் சங்கு. வாயோரம் பெயின்ட் உதிர்ந்து போய், இரண்டு வெள்ளைக் கோட்டில் ஒன்றரைக் கோடு மிச்சமிருந்தது. எட்டு வருஷம் மணலில் உரசியும் அந்தக் கோடு ஆடவில்லை. உடம்பு பெருத்து, கொடுக்கை உள்ளே இழுக்க இடமில்லாமல் திண்டாடியது. எதிரே பெயின்டர் வாங்கிக் கழுவி வைத்திருந்த சங்கு கிடந்தது. பெரியவன் அதன் வாய்க்குள் ஒரு காலை விட்டுத் தடவிப் பார்த்தான்.

அது அக்கா கேட்ட சங்கு. கடைசியாகப் பேசிய அந்த நாளில், பார்வை நேரம் முடிந்து அவன் வார்டு வாசலுக்குப் போனபோது கையைத் தூக்கிக் கூப்பிட்டாள். பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"மேல வந்ததும் அவனுக்கு வேற சங்கு வேணும். எத்தனை வெச்சும் பழசை விட்டு வரல, இப்ப அதெல்லாம் சின்னது. வாய் வட்டமா இருக்கணும். இப்ப இருக்கறதைவிட ஒரு விரல் பெருசு. உள்ள விரலை விட்டுப் பாரு, வழவழன்னு இருக்கணும். கொதிக்க வெச்சு, ஆற வெச்சுப் போடு."

"சரிக்கா."

இரண்டடி நடந்தான்.

"டேய்."

"என்னக்கா?"

"பெயின்ட் அடிச்சிடாத."