மாமாவின் பலூனுக்கு ஐஸ்

மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். கடலுக்குப் போகிறவர்கள் ஆளுக்கொரு வேலை தேடிக்கொள்வார்கள். என் மாமா, அம்மாவின் தம்பி, கேஸ் பலூன் விற்பார். சாயந்தரமானால் திருவொற்றியூர் கோயில் வாசல், இல்லாவிட்டால் ராயபுரத்தில் எந்தச் சர்ச்சில் திருவிழாவோ அங்கே.

கேஸை அவரே தயாரிப்பார். வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய இரும்பு சிலிண்டர். அதற்குள் காஸ்டிக் சோடாவும் அலுமினியத் துண்டுகளும் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடினால், உள்ளே கொதித்து ஹைட்ரஜன் உண்டாகும். சிலிண்டர் தொட முடியாதபடி சுடும். அதன்மேல் ஈரச் சாக்கைச் சுற்றிவைப்பார். இந்த வித்தையைப் பக்கத்தில் நின்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒருமுறை தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பார்த்து, அம்மாவிடம் முதுகில் வாங்கினேன். மறுநாளும் அங்கேயே போய் நின்றேன். அதற்கப்புறம்தான் மாமா என்னை வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்.

"சிலிண்டரு சூடாவுது பாரு. ஐஸு இல்லாம பலூனு எழும்பாது. போயி ஒரு பக்கெட்டு எத்துகினு வா. மெள்ள வா கண்ணு, பக்கெட்டு கனக்கும்."

தெருமுனை சர்பத் கடையிலேயே ஐஸ் இருந்தது. அதை வாங்கி வரட்டுமா என்று கேட்டேன். "அது சர்பத்துக்குப் போடற ஐஸும்மா. மீனு ஐஸுதான் கேசுக்கு ஆவும்" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்.

தடைக்காலத்தில் மீன் ஐஸுக்கு எங்கே போவது? படகுகள் போகாததால் பாதி ஐஸ் கம்பெனிகள் மூடிக் கிடக்கும். வாசல் வாசலாகக் கேட்டு, கெஞ்சி, பக்கெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நான் திரும்பும்போது பலூன்கள் ஏற்கெனவே கம்பில் ஆடிக்கொண்டிருக்கும். "கரீட்டா வந்துட்ட. நீ இல்லாங்காட்டி இன்னா ஆயிருக்கும்!" என்பார் மாமா. ஐஸை எதிர்வீட்டு மீன்காரம்மாவின் பெட்டியில் கொட்டிவிடுவார். எனக்குச் சந்தேகமே வரவில்லை. நான் மட்டும் இல்லையென்றால் மாமாவின் பலூன் தரையிலேயே கிடக்கும் என்று தெருப் பிள்ளைகளிடம் அளந்துகொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கெட்டோடு தெருமுனைக்கு வந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் வீட்டின் பின்சுவர் இல்லை. ஈரச் சாக்கு பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் கிடந்தது. மாமாவின் மேல் யாரோ ஒரு வேட்டியைப் போர்த்தியிருந்தார்கள், முகத்தையும் சேர்த்து. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, "ஐஸு கொண்டாந்துட்டேன், ஐஸு கொண்டாந்துட்டேன்" என்று கத்தினேனாம். அது எனக்கு நினைவில்லை. என் கையிலிருந்து பக்கெட்டை யார் யாரோ பிடுங்கப் பார்த்ததுதான் நினைவிருக்கிறது.

கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் மாமா பிழைத்திருப்பார் என்ற எண்ணத்தோடேயே வளர்ந்தேன். அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லப் பயமாக இருந்தது.

போன வருடம் என் மகளின் பிறந்தநாளுக்கு ஹீலியம் சிலிண்டரோடு ஓர் ஆள் வந்தார். குழாயைத் திருகினார், ஊதினார், கட்டினார், அவ்வளவுதான். அவர் போன பிறகு, பலூன்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டேவிட்டேன். அன்றைக்கு நான் ஐஸ் கொண்டுவரத் தாமதமானதால்தானே மாமா செத்தார் என்று.

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"இத்தினி வருசமா இதயா மனசுல வச்சினு இருந்த? கேசுக்கு எதுக்குடி ஐஸு? ஈரச் சாக்குதான் கீதே. போடின்னா நீ போற ஆளா? வேல குட்தாதான் இவ சிலிண்டர வுட்டு அந்தாண்ட போவான்னு சொல்லி சிரிப்பான் எந்தம்பி."

அதைச் சொல்லிவிட்டு அம்மா அழுதாள். நானும் அழுதேன்.

யோசித்துப் பார்க்கிறேன். மாமா ஒருநாளும் என்னைச் சீக்கிரம் வரச் சொன்னதில்லை. மெள்ள வா கண்ணு என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொல்லி அனுப்பினார். அவர் சொன்னதில் அந்த ஒன்றை மட்டும் நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் ஓட்டமாய் ஓடித்தான் வந்தேன்.