மாமரத்தில் இரண்டு பேர்

என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது நடந்தது சுனாமி வந்து எட்டாவது மாதம், ஆரையம்பதியில். நான் கடலோடு சேரும் வாவியில் வீச்சு வலை வீசுகிறவன். அந்த எட்டு மாதமும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. கரை வரை போய்த் திரும்பிவிடுவேன். பிறவியிலேயே கூச்சக்காரன்; சுனாமிக்குப் பிறகு வீட்டிலும் பேச்சில்லை. மனைவி இடியப்பம் அவித்து விற்றுத்தான் சாப்பிட்டோம்.

அப்போது வெளியூரிலிருந்து ஒரு ரீச்சரம்மா வந்து, மனதுக்கும் உடம்புக்கும் பயிற்சி என்று பொது மண்டபத்தில் வகுப்பு வைத்தா. மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் முன்பு என்னிடம் மீன் எடுத்த வியாபாரி; அண்ணன் என்ற முறையில் காக்கா என்று கூப்பிடுவேன். சண்டைக் காலத்தில் இரண்டு ஊருக்கும் பேச்சு விட்டுப்போனதில் எங்களுக்கும் விட்டுப்போயிருந்தது. அவர் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில்.

ரீச்சர் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னா. சுகமாகத்தான் இருந்தது. பிறகு, மனம் அமைதியாகட்டும் என்று ரேடியோவில் ஒரு கசெட்டைப் போட்டா. கடல் அலைச் சத்தம்!

யார் முதலில் எழும்பினார்களோ தெரியாது. மண்டபம் காலியாகிவிட்டது. எனக்கு நினைவு வந்தபோது முற்றத்து மாமரத்தின் மேல் இருந்தேன். கீழ்க் கொப்பில் அந்த வியாபாரி, சாரனை மடித்துக் கட்டியபடி.

"தம்பி, இன்னும் ஒரு கொப்பு மேல போங்க. இது ரெண்டு பேரத் தாங்கா," என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "தண்ணி எங்க வந்திரிக்கி?"

எட்டிப் பார்த்தேன். கீழே ரீச்சர் ரேடியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுகொண்டு நின்றா. அதற்கு அங்கால வாவி அசையாமல் கிடந்தது.

"தண்ணி வரல்ல காக்கா," என்றேன். "ரேடியோதான் வந்திருக்கு."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கொப்பு குலுங்கச் சிரித்தோம். கீழே நின்ற சனமும் சிரித்தது. அழுத ரீச்சரும் சிரித்தா. எட்டு மாதத்தில் என் சிரிப்பை அன்றுதான் கேட்டதாக மனைவி இன்றும் சொல்வாள்.

இறங்கும்போது, நாளைக்கு வலையை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்கு வரச் சொன்னார் காக்கா. பயமாக இருக்கிறது என்றேன்.

"எனக்கும் பயந்தான். ரெண்டு பேரும் சேந்து பயப்பிடுவம், வாங்க."

காலையில் சொன்னபடி வந்து நின்றார். ரீச்சர் சொன்ன மாதிரி மூச்சை இழுத்து விட்டு, முழங்கால் வரை அவரும் இறங்கினார், நானும் இறங்கினேன். வீசிய வலையில் மூன்று இறாலும் ஒரு குவியல் பாசியும் வந்தன.

"பாசிய நீங்க வெச்சிக்கங்க, இறால எனக்குத் தாங்க," என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன், அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்கும் போனேன். வலையின் ஒரு நுனியைப் பிடித்துத் தூக்க முழு வலையும் மேலே வந்தது போல இருந்தது.

போன வருஷம் நாட்டில் சண்டையும் முடிந்துவிட்டது. நேற்று வருஷப் பிறப்புக்குக் காக்கா எங்கள் வீட்டுக்கு வந்து, அந்தக் கதையை என் பேரப்பிள்ளைக்குச் சொல்லிச் சிரித்தார். அதனால்தான் இன்று எழுத உட்கார்ந்தேன். பயம் முழுக்கப் போன பிறகு இறங்குவோம் என்று நினைத்திருந்தால், நான் இன்னும் அந்த மாமரத்திலேதான் இருந்திருப்பேன்.

15.04.2010