ஜமால் பாயின் வயிற்றை வெட்டியவர்கள்

ஜமால் பாய் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் ஜிம்மின் வாட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. அவனியாபுரத்தில் என் பட்டறையில் ஒரு கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தேன். "ஜமால் பாய் மவுத். டெங்கு. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்" என்று ஒருவர் போட்டிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். அந்தக் கைகளுக்கு நடுவிலேயே இன்னொருவர், "நாளைக்குக் காலையில பிராக்டிஸ் உண்டா?" என்று கேட்டிருந்தார். அதற்கும் ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்.

மூன்றாம் நாள் செல்லூரில் ஜிம் வாசலில் பேனர் கட்டிவிட்டார்கள். முகம் ஜமால் பாயுடையது. உடம்பு யாருடையதோ. வயிறு இருந்த இடத்தில் ஆறு கட்டுத் தசை வைத்திருந்தார்கள். கீழே நானும் அதே ஜிம்மில் ஓடும் பிரசன்னாவும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறோம். "உங்கள் கனவை இந்த ஜோடி ஓடி முடிக்கும்" என்று எழுத்து. பாயோடு பழகிய உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். அந்த உடம்பு பொய். அந்த வாசகமும் பொய். இரண்டாவது பொய்யில் எனக்குப் பங்கு உண்டு.

பாய்க்குக் கோரிப்பாளையத்தில் கல்யாணப் பாத்திரங்கள் வாடகைக்கு விடும் கடை. சர்க்கரைக்குப் பயந்து ஜிம்முக்கு வந்தவர். நானும் அதே பயத்தில் வந்தவன்தான். இருவருக்கும் நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. ஜோடியாக ஓடும் போட்டி ஒன்று கோவையில் நடக்கிறது என்று ஜிம் மாஸ்டர் எங்களைச் சேர்த்துவிட்டார். ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும், பிறகு ஒரு பளு வேலை. இப்படி எட்டு முறை. எடை ஏற்றிய இரும்புச் சட்டமான ஸ்லெட்டைத் தள்ளுவது, மணல் மூட்டையைச் சுமப்பது, கனமான பந்தைச் சுவரில் எறிவது போன்ற வேலைகளை இருவரும் பிரித்துக்கொள்ளலாம். ஓட்டத்தை மட்டும் பிரிக்க முடியாது. இருவரும் வந்து சேர்ந்தால்தான் அடுத்த வேலையைத் தொடலாம்.

முதல் போட்டியில் நான் என் வீரத்தைக் காட்டினேன். ஒவ்வொரு ஓட்டத்திலும் முன்னால் பாய்ந்துபோய் நின்றுகொண்டு, "வாங்க பாய், வாங்க பாய்" என்று கத்தினேன். ஸ்லெட்டையும் கை ஓயும்வரை நானே தள்ளிவிட்டு, நடுவழியில் அவர் தலையில் கட்டினேன். ஆறாவது சுற்றில் இருவருமே தரையில் உட்கார்ந்துவிட்டோம். முடிக்க ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. திரும்பும் பஸ்ஸில் அவர் கேட்டார். "நீ முன்னாடி போயி என்னத்தக் கண்ட மாப்ள? நான் வர்ற வரைக்கும் அங்க நிக்கத்தான செஞ்ச."

அடுத்த வாரம் ஒரு கல்யாண மண்டபத்துக்கு என்னை வரச் சொன்னார். பிரியாணி நிறைந்த தேக்சா அண்டாவைக் கம்பு கோத்து இருவரும் தூக்கினோம். நான் முன்னால், அவர் பின்னால். நான் என் நடையில் நடக்க, அண்டா ஆடி, கொதிக்கும் நெய் அவர் முழங்கையில் தெறித்தது. அவர் கீழே போடவில்லை. பதமாக இறக்கி வைத்த பிறகே சொன்னார்: "யாரு மெதுவா நடக்குறானோ அவன் நடைதான் தேக்சாவோட நடை. கை கடுக்குறதுக்கு முன்னாடியே ஆள் மாத்திரணும். கடுத்த பெறகு மாத்துனா அது மாத்துறதில்ல, எறியிறது."

அதன்பின் எங்கள் பயிற்சி முழுக்க அதுதான். பழைய இரும்பு ஆங்கிளை வெட்டி நானே ஒரு ஸ்லெட் செய்தேன். பட்டறைக்குப் பக்கத்துக் காலி மனையில் பத்துப் பத்து எட்டாக மாற்றி மாற்றித் தள்ளினோம். பந்தையும் பத்துப் பத்தாக எறிந்தோம். ஓட்டத்தில் அவர் முன்னால், நான் அரை அடி பின்னால். என் காலுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. ஆனால் இரண்டாவது போட்டியை ஒரு மணி இருபத்தைந்து நிமிடத்தில் முடித்தோம். இருவரில் யாருக்கும் வேகம் பெரிதாகக் கூடவில்லை. நிற்பதும் உட்காருவதும்தான் குறைந்திருந்தது.

இனிதான் அசிங்கம். அந்தப் போட்டியில் எடுத்த புகைப்படம் குழுவில் வந்தது. வியர்வையில் ஒட்டிய பனியனுக்குள் பாயின் வயிறு நன்றாகத் தெரிந்தது. "பாய்க்கு எத்தனாவது மாசம்?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரிப்புப் பொம்மைகள் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன். மறுநாள் மாஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "பாய விட்டுட்டுப் பிரசன்னாவோட ஓடுங்கண்ணே. இன்னும் பத்து நிமிஷம் கொறையும். போட்டோவும் பாக்க நல்லா இருக்கும்" என்றார். பிரசன்னா வங்கியில் வேலை பார்ப்பவர், ஒல்லி, நல்ல ஓட்டக்காரர். யோசித்துச் சொல்கிறேன் என்றுகூட நான் சொல்லவில்லை. உடனே சரி என்றேன்.

பாயிடம், "முழங்கால் வலிக்குது பாய், இந்தத் தடவ நான் ஓடல" என்று போனில் சொன்னேன். மறுநாள் காலையில் எண்ணெய்ப் பாட்டிலோடு பட்டறைக்கே வந்துவிட்டார். என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, தரையில் சம்மணம் போட்டு, ஒரு குறையும் இல்லாத என் முழங்காலை அரை மணி நேரம் தேய்த்துவிட்டார். "அம்புட்டு வலியா மாப்ள?" என்று கேட்டார். "ஆமா பாய்" என்றேன். தேய்க்கும் இடத்தில் ஒருமுறை முகத்தைக்கூடச் சுளித்துக் காட்டினேன். இதை எழுதும்போது என் மேலேயே துப்பவேண்டும்போல இருக்கிறது.

இரண்டு வாரத்தில் ஜோடிகளின் பட்டியலை ஜிம்மில் ஒட்டினார்கள். என் பெயருக்குப் பக்கத்தில் பிரசன்னா. அன்றோடு பாய் வருவதை நிறுத்திவிட்டார். நேரில் சொல்லும் வேலை மிச்சம் என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து நான் போகவில்லை. அடக்கத்தின்போதும் கடைசி வரிசையில் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

பேனர் கட்டிய அன்று பாயின் மைத்துனர் போனில் கூப்பிட்டார். வீட்டுக்குப் போனேன். கணவர் இறந்தபின் இருக்கும் இத்தாவில் இருந்த பாயின் மனைவி திரைக்குப் பின்னால் இருந்தே பேசினார். "அண்ணே, மவுத்தானவர் போட்டோவ ரோட்டுல தொங்கவிடுறது எங்களுக்கு ஆகாதுண்ணே. அதுலயும் அது அவரே இல்ல. எறக்கச் சொல்லுங்க."

இறக்கிவிடுகிறேன் என்றேன். "நான் அவருகிட்டப் பொய் சொல்லிட்டேம்மா" என்று தொடங்கினேன்.

"தெரியும்ணே. லிஸ்டப் பாத்துட்டு வந்த அன்னிக்கு மத்தியானம் அவருக்குச் சோறு எறங்கல. 'முருகேசன் என் வயித்துக்கு வெக்கப்படுறான். வாயத் தொறந்து சொல்லியிருந்தா நானே ஒதுங்கியிருப்பேன். காலத் தேய்க்க வச்சுட்டானே'ன்னு சொன்னாரு. அதுக்கப்பறம் உங்க பேர எடுக்கவே இல்ல."

அவர் மன்னித்துவிட்டார் என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மைத்துனர் டீ கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

நேராகச் செல்லூருக்குப் போய் ஏணி போட்டுப் பேனர் கயிற்றை அறுத்தேன். மாஸ்டர் ஓடிவந்தார். "என்னண்ணே இது? மரியாதைக்குத்தான போட்டோம்?"

"அவரு வயித்த வெட்டிப்புட்டு என்னய்யா மரியாத?"

"அன்னிக்குக் குரூப்புல நீங்களும் சிரிச்சீங்கல்ல?" என்றார். மிச்சக் கயிற்றையும் அறுத்துவிட்டு ஏணியிலிருந்து இறங்கினேன். போட்டியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுமாறு மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். பிரசன்னா வேறு ஜோடி பார்த்துக்கொள்வார்.

உங்களில் பலரிடம் பாயின் சிரிப்பு இருக்கும். பெருநாளுக்கு அவர் வீட்டிலிருந்து வந்த பிரியாணியின் நினைவு இருக்கும். வைத்துக்கொள்ளுங்கள், அவை உங்களுக்கு உரியவை. பழகிய காலத்தில் அவர் யாரிடமும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் ஒரே ஒருவன் மேல் கோபப்பட்டு, அது ஆறுவதற்குள் போய்விட்டார். அந்தக் கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன்.