தன்னைத்தானே கழுவிக்கொள்ளும் தொட்டி

உப்புக் கரைக்கிற வேலை பார்க்கிறேன் என்று சொன்னால், ஊறுகாய் போடுகிற இடமா என்று கேட்பார்கள். இல்லை, செம்பனை ஆலை என்பேன். அப்போது இன்னும் குழம்பிப் போவார்கள்.

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோலா சிலாங்கூர் போகிற சாலையில், செம்பனைத் தோட்டத்துக்குள்ளே தள்ளியிருந்தது அந்த ஆலை. எண்ணெய் பிழிவதற்கு முன் பழக்குலைகளை வேகவைக்க நீராவி வேண்டும். நீராவிக்குப் பாய்லர் வேண்டும். பாய்லருக்குப் போகிற தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கக் கூடாது. இருந்தால், தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தலின் அடியில் படிகிற மாதிரி பாய்லர் குழாய்களுக்குள்ளும் வெள்ளையாகப் படிந்துவிடும். அந்தச் சுண்ணாம்பைப் பிடித்துவைக்க, சின்னச் சின்ன மணிகள் நிரப்பிய ஒரு பெரிய உருளை உண்டு. தினமும் காலை ஏழு மணிக்கு அது கெட்டியான உப்புநீரைத் தானாகவே இழுத்துத் தன் மணிகளை அலசிக்கொள்ளும். அலசினால்தான் அன்றைக்கு வேலை செய்யும். அந்த உப்புநீரைத் தயாரிக்கிற தொட்டி என் பொறுப்பு.

ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். இவ்வளவும் விளங்க எனக்கு மூன்று வருடம் பிடித்தது. விளங்கிய பிறகு பயம்தான் கூடியது. விளங்காமலேயே இருந்திருந்தால் மற்றவர்களைப் போல மத்தியானம் ஒரு கண் தூங்கியிருப்பேன்.

முன்பு இருந்தது சிமெண்டுத் தொட்டி. மூட்டை மூட்டையாகக் கல்லுப்பைக் கொட்டித் தண்ணீர் விட வேண்டும். உப்பு கரைந்து போகும், அதிலுள்ள மண்ணும் சேறும் அடியில் தங்கிவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை யாராவது உள்ளே இறங்கி வழித்தெடுக்க வேண்டும். மேலே இருந்த வாய் சின்னது. ஆலையில் ஒல்லியாக இருந்தது நான் ஒருத்திதான், அதனால் அந்த வேலை எனக்கு வந்தது. காலில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் போதும், பிராணன் போய்விடும். ஆனாலும் அந்தத் தொட்டி இருக்கும்வரை என்னை யாரும் அசைக்க முடியாது என்ற தைரியம் இருந்தது.

எனக்கு அந்தத் தைரியம் வேண்டியிருந்தது. ஆலைக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். வேலை இருந்தால் வீடு, வேலை போனால் வீடும் போகும். என் வீட்டுக்காரர் அதே ஆலையில் லோரி ஓட்டியவர். சர்க்கரை முற்றி அவருடைய இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. கோலா சிலாங்கூரில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் மிகுந்த சிரமத்துக்குப் பிறகு ஓர் இடம் கிடைத்தது. திங்கள், புதன், வெள்ளி, ஆலை வாசலுக்கே வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அந்த வீடு இருந்தால்தான் அந்த வேன். அந்த வேன் இருந்தால்தான் அவர். வேறு எதைப் பற்றி நான் கவலைப்பட்டாலும் கடைசியில் அது இங்கேதான் வந்து நிற்கும்.

பிறகு புதுத் தொட்டி வந்தது. ஆளுயரத்துக்கு மேல் உயரமான நார்க்கண்ணாடித் தொட்டி, பக்கத்தில் ஒரு சின்ன மின்பெட்டி. கிள்ளானிலிருந்து கொண்டுவந்து பொருத்திய தமிழ்ப் பையன் எனக்கு விளக்கினான். தினமும் காலை பத்து மணிக்கு அடியில் இருக்கிற வால்வு தானாகத் திறக்கும். பக்கவாட்டிலிருந்து தண்ணீர் பீய்ச்சும். சேறெல்லாம் கால்வாய்க்குப் போய்விடும். பிறகு புதுத் தண்ணீர் நிறைந்து, மறுபடி உப்பு கெட்டியாக ஏற ஆறேழு மணி நேரமாவது வேண்டும். மறுநாள் காலை ஏழு மணிக்குள் தாராளமாக ஏறிவிடும்.

“இனிமே உள்ள எறங்க வேணாம் ஆண்ட்டி. அதுவே கழுவிக்கும். நீங்க ஜாலியா ஒக்காந்திருக்கலாம்.”

“ஒக்காந்திருந்தா வீட்டுக்குப் போன்னு சொல்லிருவாங்கப்பா” என்றேன். அவன் சிரித்தான். நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை.

வீட்டில் வந்து சொன்னபோது இவர், “எனக்கும் ஒரு மெஷின்தான் கழுவி விடுது. ஒனக்கும் ஒண்ணு வந்துருச்சா? குடும்பமே முன்னேறிருச்சு போ” என்றார்.

ஃபோர்மன்தான் எனக்காக மேலே பேசினார். என்னைவிட வயதில் சின்னவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். உப்புக் கொட்ட ஓர் ஆள் வேண்டும், காலையும் மாலையும் தண்ணீரைச் சோதித்து எழுத ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லி என்னை அங்கேயே வைத்துக்கொண்டார். சோதனை சுலபம். கண்ணாடிக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, பொடியைப் போட்டு, ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். நீலமானால் நல்ல தண்ணீர். கத்தரிப்பூ நிறமானால் சுண்ணாம்பு இருக்கிறது. நீலம் என்றால் புத்தகத்தில் ‘பிரு’ என்று மலாயில் எழுத வேண்டும்.

முதல் இரண்டு மாதத்தில் நான் கிள்ளான் பையனை மூன்று முறை வரவழைத்துவிட்டேன். ஒரு தடவை வால்வு சத்தம் போடுகிறது என்று. ஒரு தடவை பெட்டி சுடுகிறது என்று. மூன்றாவது தடவை தண்ணீரில் நுரை. மூன்றுமே ஒன்றுமில்லை. மூன்றாவது தடவை அவன் போன பிறகு ஃபோர்மன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அக்கா, இனிமே என்னைக் கேக்காம அவனுக்கு போன் அடிக்காதீங்க. மேனேஜர் கேக்குறாரு, மெஷின் தானாக் கழுவிக்கிது, அப்புறம் அதுக்குக் காவலுக்கு ஒரு ஆளான்னு. நீங்களே ஒங்க வேலைக்கு ஒல வெச்சிக்காதீங்கலா.”

அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டேன். பயம் போகவில்லை. வெளியே சொல்வதை விட்டேன், அவ்வளவுதான்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆலையில் அன்றைக்கு எல்லாவற்றையும் நிறுத்திக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, பொரிகடலை படைப்பது வழக்கம். பூஜை முடிந்தால் மறுநாள் காலைவரை எதையும் தொட மாட்டார்கள். ஸ்பேனரைக்கூட எடுக்க மாட்டார்கள். பாய்லருக்கு மாலை விழும், லோரிக்கு விழும், எடை போடுகிற தட்டுக்குக்கூட விழும். என் சிமெண்டுத் தொட்டிக்கு மட்டும் யாரும் பொட்டு வைத்ததில்லை. மெஷின் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒன்று கிடைத்தது அந்த வருடம்தான்.

ஈரத்துணியால் தொட்டியை மேலிருந்து கீழ்வரை துடைத்தேன். மின்பெட்டியையும் துடைக்க வேண்டும். தண்ணீரும் கையுமாக இருக்கிறோமே, கரண்ட் அடித்துவிட்டால் இவரை யார் பார்ப்பார்கள் என்று மெயின் சுவிட்சை அடைத்தேன். அப்போது மத்தியானம் இரண்டு மணி. ஃபோர்மன் அந்தப் பக்கமாகப் போனார்.

“தானாக் குளிக்கிற மெஷினக் குளிப்பாட்டுற ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்கா.”

“நல்ல நாளும் அதுவுமா அதுவே குளிச்சா நல்லாவா தம்பி இருக்கும்?”

பொட்டு வைத்தேன். சூடம் காட்டினேன். ஓய்வு கொடுக்க வேண்டிய நாள்தானே என்று சுவிட்சைப் போடாமலே விட்டேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போட்டேன். பச்சை விளக்கு எரிந்தது.

அந்தப் பெட்டிக்குள் ஒரு கடிகாரம் உண்டு. கரண்டை எடுத்தால் அது அங்கேயே நின்றுவிடும், கொடுத்தால் நின்ற இடத்திலிருந்தே ஓடும். இது எனக்குத் தெரியாது. மத்தியானம் இரண்டு மணிக்கு நின்ற அது, மறுநாள் காலை எட்டு மணியை இரண்டு என்று எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. அன்றிலிருந்து அது காலை பத்து என்று நினைத்துத் தன்னைக் கழுவிக்கொண்டது விடியற்காலை நாலு மணிக்கு. ஏழு மணிக்கு உருளை இழுத்தது மூன்று மணி நேரம் ஊறிய வெறும் கரிப்புத் தண்ணீரை. மணிகள் பாதிதான் அலசப்பட்டன. காலையில் நல்ல தண்ணீர் வரும், மத்தியானத்துக்கு மேல் சுண்ணாம்பு தாண்டிப் போய்விடும்.

காலை பத்து மணிக்குத் தொட்டி கழுவுகிற சத்தம் நின்றுபோனதை நான் கவனித்தேன். மூன்று நாள் பார்த்துவிட்டு ஃபோர்மனிடம் சொன்னேன்.

“கால்வாயில சேறு இருக்கா?”

“இருக்கு தம்பி. நான் வர்றதுக்கு முன்னாடியே கழுவிக்கிது.”

“கழுவிக்கிதுல்ல? அப்புறம் என்னாக்கா? அது குளிக்கிறப்ப நீங்க பாத்துக்கிட்டு நிக்கணுமா?”

ஃபோர்மனும் பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நானும் கூடச் சிரித்துவைத்தேன்.

அந்த வாரமே மாலை நாலு மணிச் சோதனையில் தண்ணீர் கத்தரிப்பூ நிறமானது. மருந்து பழசாக இருக்கும் என்று இன்னொரு சொட்டு விட்டேன். நீலமாகவில்லை. மூன்றாவது சொட்டுக்கு நீலமானது. ‘பிரு’ என்று எழுதினேன். நீலம்தானே வந்தது, பொய்யா எழுதினோம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எத்தனை சொட்டு என்று எழுத அந்தப் புத்தகத்தில் இடம் கிடையாது. பிறகு நாலு சொட்டு, ஐந்து சொட்டு என்று போனது. சொட்டு கூடக்கூட சுண்ணாம்பு கூடுகிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இப்போது அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ள ஆசைதான். ஆனால் எனக்குத் தெரியும். ஃபோர்மன் அறை இருபது அடி தள்ளித்தான். ஒரு நாள் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனேன். உள்ளே மேனேஜர் உட்கார்ந்திருந்தார். திரும்பி வந்து தண்ணீரைக் கொட்டிவிட்டேன்.

நாலு மாதம் கழித்து, சீனப் பெருநாள் முடிந்த வாரத்தில் பாய்லர் குழாய் வெடித்தது. பட்டப்பகல். ஆலை முழுக்க வெள்ளையாக நீராவி, எந்தப் பக்கம் வாசல் என்று தெரியவில்லை. பாய்லர்காரர் தேநீர் குடிக்கப் போயிருந்தார், அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பத்து நாள் ஆலை ஓடவில்லை. குலை ஏற்றிய லோரிகள் சாலைவரை நின்றன, பழம் அதிலேயே அழுகி நாறியது. வெட்டியெடுத்த குழாயைத் தரையில் போட்டிருந்தார்கள். உள்ளே ஒரு விரல் தடிமனுக்கு வெள்ளை.

கிள்ளான் பையன் வந்து மின்பெட்டியைத் திறந்தான்.

“ஆண்ட்டி, டைம் ஆறு மணி நேரம் முன்னால ஓடுது. யாராச்சும் ஆஃப் பண்ணீங்களா?”

அந்த நொடியில்தான் எனக்குப் பூஜை ஞாபகம் வந்தது. நான் பேசுவதற்குள் ஃபோர்மன் பேசினார்.

“யாரு ஆஃப் பண்ணுவா? மொத நாளே நீ தப்பா வெச்சிட்டுப் போயிருப்ப.”

பையன் முகம் மாறியது. அவனுக்கும் ஒரு முதலாளி உண்டு. “பேட்டரி ரோசாக்கா இருக்கும் பாஸ். மாத்திடறேன்” என்று, அதில் இல்லவே இல்லாத பேட்டரி கெட்டுப்போனதாகச் சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினான்.

அன்று மாலை ஃபோர்மனிடம் போய், சுவிட்சை அடைத்தது நான்தான் என்று சொன்னேன். சொட்டுக் கணக்கையும் சொன்னேன்.

“தெரியும்கா, நான்தான் பாத்தேனே. வெளிய சொல்லாதீங்க. நீங்க சொன்னப்ப நான் சிரிச்சேன்ல, அதையும் சேத்துக் கேப்பாங்க. எனக்கு ரெண்டு புள்ள படிக்குது.”

யார்மேலும் பழி விழவில்லை. அதுதான் எனக்கு வினையாகிப்போனது. ஆள் யாரும் தப்புச் செய்யவில்லை, ஆனால் கையால் செய்கிற சோதனையை நம்ப முடியாது என்று மேலே முடிவு செய்தார்கள். தண்ணீரைத் தானே சோதித்துத் தானே எழுதிக்கொள்கிற ஒரு கருவி வந்தது. உப்புக் கொட்டுவதை வேறு பிரிவு ஆள் பார்த்துக்கொள்வார். அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கிற கிராணி, எனக்கு இனி வேலை இல்லை என்ற கடிதத்தைக் கொடுத்துவிட்டு, மாதக் கடைசிக்குள் வீட்டுச் சாவி வேண்டும் என்றார். கூரையில் ஓடுகிற காற்றாடி ஆலையுடையதா எங்களுடையதா என்றும் கேட்டுக்கொண்டார்.

கிள்ளானில் மகளும் மருமகனும் இருக்கிற அடுக்குமாடிக்கு வந்துவிட்டோம். ஒரே அறை, நாங்கள் முன்கூடத்தில் படுத்துக்கொள்கிறோம். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. வேன் இவ்வளவு தூரம் வராது. இங்கே பக்கத்தில் இருக்கிற நிலையங்களில் பெயர் எழுதிவைத்திருக்கிறோம். முன்னால் நிறையப் பேர் இருக்கிறார்கள், யாராவது விட்டால்தான் இடம் என்றார் ஒரு தாதி. விட்டால் என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. கோலா சிலாங்கூர் நிலையத்தில் இவருடைய இடத்தை இன்னும் எடுக்கவில்லை. அதனால் பஸ் ஏறிப் போய் வருகிறோம். போக ஒன்றரை மணி நேரம், அங்கே நாலு மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். ஊசியை எடுத்த கையைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றபடி வந்த நாளும் உண்டு. வாரத்துக்கு மூன்று தடவை என்பது இரண்டாகிவிட்டது.

பூஜையன்று நடந்ததை இவரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

“கரண்ட் அடிச்சா என்னை யாரு பாப்பான்னுதான அடைச்ச?” என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. மருந்துப் பை, தண்ணீர் போத்தல், அவருடைய சட்டை எல்லாம் எடுத்துவைத்தேன். கால் இரண்டும் வீங்கியிருந்தன, செருப்பு நுழையவில்லை. லிஃப்ட் ஓடவில்லை. ஏழு மாடி இறங்க வேண்டும், வந்து ஏற வேண்டும்.

“இன்னைக்கு வேணாம்மா” என்றார்.

“டாக்டர் ஏசுவாருங்க.”

“ஏசட்டும். ஒரு நாளுதான.”

போன வெள்ளிக்கிழமையும் ஒரு நாள்தான் என்றார். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் பையிலிருந்த போத்தலை எடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.