துப்பாக்கிக்குச் சொன்ன விலை

எனக்கு வாய் கிடையாது. ஊமை என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டுக்குள்ளே பேசுவேன், மாட்டோடு பேசுவேன், தென்னை மரத்தோடு தாராளமாகப் பேசுவேன். மனிதர்கள் எதிரே வந்து நின்றால்தான் சொல் தொண்டைக்குக் கீழே இறங்கிவிடும். பெட்டிக்கடைக்கு வெற்றிலை வாங்கப் போய், கடைக்காரர் "என்ன வேணும்?" என்று கேட்ட பதற்றத்தில் கையில் அகப்பட்ட தீப்பெட்டியை வாங்கிக்கொண்டு வந்தவன் நான். எங்கள் வீட்டில் தீப்பெட்டிக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை.

அப்படிப்பட்ட என்னைப் பற்றி, வெள்ளைக்காரத் துரையிடமே பேரம் பேசி ஜெயித்தவன் என்று தென்காசியில் இன்றைக்கும் சிலர் சொல்லுகிறார்கள். நடந்தது ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால். இன்னொருவர் எழுதினால் என்னைப் பெரிய ஆளாக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் நானே எழுதுகிறேன். நாலாம் வகுப்போடு நின்றவன் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது குற்றாலத்துக்குத் தெற்கே, மலையை ஒட்டி ஒரு தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருந்தேன். அதை விட்டால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. அந்தத் தோப்புக்கு என்னைத் தவிர இன்னொரு குத்தகைதாரரும் உண்டு, மலையணில். வீட்டு அணில் மாதிரி இல்லை. பூனை அளவு உடம்பு, உடம்பைவிட நீளமான வால். இளங்காயாகப் பார்த்து ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதைக் காலி பண்ணிவிட்டுக் கீழே தள்ளும். காலையில் போனால் மரத்தடியில் ஓட்டைக் காய்கள் கிடக்கும். மரத்தில் இருக்க வேண்டிய காய்களும் குறைந்திருக்கும். இரண்டு வருஷம் தொடர்ந்து இந்தக் கதை.

தோப்புக்குச் சொந்தக்காரர் வீரகேரளம்புதூரில் இருந்தார். தை மாதத்துக் காய்வெட்டுக்கு மட்டும் வண்டி கட்டி வருவார். இரண்டாம் வருஷம் குவியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"போன வருசமும் அணிலு, இந்த வருசமும் அணிலா? அடுத்த தைக்கும் காய் குறைஞ்சா நான் வேற ஆளு பாத்துக்கிடுதேன். அணிலுகிட்டயே குத்தகையப் பேசினாலும் பேசுவேன்."

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

துப்பாக்கி ஒன்று இருந்தால் தோப்பு பிழைக்கும் என்று முடிவு செய்தேன். அதற்கு முதலில் லைசன்ஸ் வேண்டும். தாலுகா கச்சேரி வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் மனு எழுதிக் கொடுத்தார். அதைக் கொடுக்க எட்டு தடவை போய், எட்டு தடவையும் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பினேன். ஒன்பதாம் தடவை குமாஸ்தாவே, "அந்தத் தூணுக்குப் பின்னால தினம் ஒரு ஆளு நிக்கானே, அவன் யாருலே?" என்று கேட்டு என்னைக் கூப்பிட்டார். மனு போயிற்று. விசாரணை எல்லாம் முடிந்து லைசன்ஸ் வந்தது. ஆறு மாதத்துக்குள் துப்பாக்கி வாங்க வேண்டும், இல்லாவிட்டால் காகிதம் செல்லாது என்றார்கள்.

திருநெல்வேலியில் ஒரு கடையில் போய் விசாரித்தேன். எண்பது ரூபாய் என்றார்கள். அந்தக் கடையில் விலையைக் கேட்டுவிட்டு எப்படி வெளியே வருவது என்று தெரியாமல், அரைமணி நேரம் சுவரில் மாட்டியிருந்த மான் கொம்பையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதோடு நாலு மாதம் ஓடிப்போயிற்று.

ஆடிச் சாரலில் ஒரு நாள் குற்றாலத்தில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் ஒரு துரை பங்களாவின் பட்லர் நாலு பேரிடம் பேசிக்கொண்டிருந்தார். "எங்க துரை சீமைக்குப் போறாரு. சாமானெல்லாம் வித்தாச்சு. ஒரு ரைபிள் மட்டும் கெடக்கு. இருபத்திரெண்டு. அணிலு, முயலுக்கெல்லாம் அம்சமா இருக்கும். வாங்கத்தான் ஆளில்ல."

இருபத்திரண்டு! என்ன விலை என்று நான் வாய் திறந்து கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் அவரே சொல்லிவிட்டார். என்னைப் போன்றவனுக்கு இதைவிட வேறு என்ன சௌகரியம் வேண்டும்? காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

வீட்டுக்காரி நம்பவில்லை. "தொரமாரு துப்பாக்கி இருபத்திரெண்டு ரூவாயா? நல்லாக் கேட்டியளா?"

"காதால கேட்டேன்."

"வாயால கேட்டியளான்னு கேக்கேன்."



பணத்துக்குக் கிடாரி ஒன்றைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். உலகத்திலேயே எனக்குப் பிடித்த இடம் மாட்டுச் சந்தைதான். அங்கே விலையை யாரும் வாயால் சொல்லமாட்டார்கள். தரகர் கையை நீட்டுவார். அதன்மேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து அழுத்த வேண்டும். இரண்டு விரலைப் பிடித்தால் இரண்டு பத்து. விட்டுவிட்டு மறுபடி பிடித்தால் அது ஒற்றை ரூபாய். எனக்காகவே யாரோ உண்டாக்கிய ஏற்பாடு மாதிரி இருக்கும். கிடாரி இருபத்துநாலுக்குப் போயிற்று. இரண்டு ரூபாயை வீட்டில் கொடுத்துவிட்டு, இருபத்திரண்டை மடியில் கட்டிக்கொண்டு, லைசன்ஸை எண்ணெய்த் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, மறுநாள் காலையில் சாரலில் நனைந்தபடியே பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வாசலில் பட்லர் நின்றார். "யாருவே நீரு?" என்றார். நான் லைசன்ஸை நீட்டினேன். அதை விரித்துப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "துப்பாக்கிக்கா வந்தீரு? இதை மொதல்லயே சொல்லப்பிடாதா? வாரும், வாரும்!"

வராந்தா முழுக்கப் பெட்டிகள், வைக்கோல், கயிறு. துரைசாணி உள்ளே பீங்கான் தட்டுகளைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தாள். துரை உயரமான ஆள். வாயில் சுருட்டு. துப்பாக்கியைத் தானே எடுத்து வந்து மேஜைமேல் வைத்தார். ஒல்லியாக, பார்க்கவே லட்சணமாக இருந்தது. அதைத் தூக்கிக் காட்டி, திறந்து காட்டி, குழாய்க்குள் ஒரு கண்ணை வைத்துக் காட்டி, பத்து நிமிஷம் விடாமல் இங்கிலீஷில் பேசினார். பட்லர் அத்தனையையும் கேட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பி, "நல்ல துப்பாக்கிங்காரு" என்றார்.

பிறகு துரை ஒரு சொல் சொன்னார்.

"எழுவத்தஞ்சாம்" என்றார் பட்லர்.

காப்பிக் கடையில் இருபத்திரண்டு, இங்கே எழுபத்தைந்தா? என் முகத்தைப் பார்த்துத்தான் ஏற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன். இதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. வார்த்தை வரவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் துரை வேறு என்னமோ சொன்னார். "அறுவதுன்னா எடுப்பீரா?" என்றார் பட்லர். நான் தரையிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. அங்கே ஒரு எறும்பு வைக்கோல் துரும்பை இழுத்துக்கொண்டு போனது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. ஐம்பது என்றார்கள். எறும்பு மேஜைக் காலைத் தாண்டிவிட்டது. துரைசாணி உள்ளேயிருந்து எரிச்சலாக ஏதோ குரல் கொடுத்தாள். உடனே நாற்பதுக்கு வந்தது. "என்னவே, கல்லு மாதிரி நிக்கீரு?" என்றார் பட்லர், மரியாதையாக. முப்பத்தைந்து என்று சொல்லிவிட்டுத் துரை என் பக்கமாகக் கையை நீட்டினார்.

லைசன்ஸைக் காட்டு என்று கேட்டாரோ, சம்மதமா என்று கேட்டாரோ, இன்று வரை எனக்குத் தெரியாது. நீட்டிய கையைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்துவிட்டது. இது நமக்குத் தெரிந்த விஷயம் அல்லவா! தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துத் துரை கைமேல் போட்டு மூடினேன். உள்ளே கையை விட்டு, அவருடைய இரண்டு விரலைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினேன். விட்டேன். மறுபடி இரண்டு விரலைப் பிடித்து அழுத்தினேன்.

துரை 'ஹோ' என்று கத்திக்கொண்டு கையை இழுத்தார். சுருட்டு கீழே விழுந்தது. பட்லர் வாயைப் பொத்திக்கொண்டு தூணில் சாய்ந்துவிட்டார். ஒரு வழியாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இது எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தை வழக்கம் என்று எடுத்துச் சொன்னார் போலிருக்கிறது. துரை தன் விரல்களையே திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இரண்டு தடவை இரண்டு விரலை நீட்டிக் காட்டி, இது என்ன எண் என்று கேட்டார். பட்லர் சொன்னார். துரை துப்பாக்கியைத் தட்டிக் காட்டி, பலமாகத் தலையை ஆட்டினார்.

"இருபத்திரெண்டுதான், சரிதான்னு சொல்லுதாரு" என்றார் பட்லர்.

விலை படிந்துவிட்டது! மடியை அவிழ்த்து இருபத்திரண்டு ரூபாயையும் மேஜைமேல் அடுக்கினேன். துரை எண்ணிப் பார்த்துவிட்டு மிச்சத்துக்காகக் காத்திருந்தார். நான் துப்பாக்கிக்காகக் காத்திருந்தேன். இரண்டு பேரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றோம்.

பட்லருக்குத்தான் முதலில் விளங்கிற்று. "அட பாவி மனுசா! இருபத்திரெண்டுங்கிறது வெலை இல்லவே. அது கொழாயோட அளவு. இந்த ரகத்துக்கே அதுதான் பேரு!"

தூக்குப் போட்டுக்கொள்ள அங்கே கயிறு நிறையக் கிடந்தது. நான் பணத்தை வாரி மடியில் போட்டுக்கொண்டு ஒரு கும்பிடு போட்டேன். அதுவும் துப்பாக்கியைப் பார்த்துப் போட்டேனோ என்னவோ. படியிறங்கி நடக்க ஆரம்பித்தேன்.

"ஏ வே, நில்லும்! முப்பதுன்னா தாராராம்!" என்று பட்லர் பின்னால் கத்தினார்.

நின்றால் திரும்ப வேண்டும். திரும்பினால், என்னிடம் இருபத்திரண்டுதான் இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். அதைவிட நடப்பது சுலபமாக இருந்தது. கேட்டைத் தாண்டும்போது இருபத்தெட்டு என்று கேட்டது. சாரல் கனத்துக்கொண்டு வந்தது. பாலத்துப் பக்கம் வரும்போது பட்லர் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "இருபத்தஞ்சு! அண்ணாச்சி, இருபத்தஞ்சு!" நான் வேகத்தைக் கூட்டினேன். கண்ணில் தண்ணீர் வேறு. அது சாரல்தான் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் ஆலமரத்து வளைவில் வந்து என் தோளைப் பிடித்துவிட்டார். மூச்சு வாங்கிற்று. "இந்தாரும், அந்த இருபத்திரெண்டையே கொடும். என்னால இனி ஓட முடியாதுவே."

எனக்குத் திகைப்பு. அவரே சொன்னார்: "வெள்ளிக்கெழம தொர ரயிலேறணும். லைசன்ஸ் உள்ள ஆளுக்குத்தான் விக்கணுமாம். இல்லன்னா போலீஸ் டேசன்ல சும்மா ஒப்படைக்கணும். ஒரு மாசமா வந்தவனெல்லாம் வெறுங்கையன். நீரு ஒருத்தருதான் காயிதத்தோட வந்தீரு. அது தெரிஞ்சுதான இந்த முறுக்கு முறுக்குனீரு? பெரிய ஆளுவே நீரு!"

எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். வழக்கம் போல வரவில்லை. அவரோடு பங்களாவுக்குத் திரும்பிப் போய், பணத்தைக் கொடுத்துத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தேன்.

பட்லர் அன்று சாயங்காலமே காப்பிக் கடையில் சொல்லிவிட்டார். ஒரு வாரத்தில் தென்காசிக் கடைத்தெருவில் என்னைக் கண்டு ஆட்கள் எழுந்து நின்றார்கள். வண்டி மாடு வாங்கப் போகிறவர் ஒருவர், "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் அண்ணாச்சி, சும்மா வந்து நின்னா போதும்" என்று என்னைச் சிவகிரி வரைக்கும் கூட்டிக்கொண்டு போனார். நின்றேன். மாட்டுக்காரர் என்னைப் பார்த்துவிட்டு விலையில் ஐந்து ரூபாய் ஏற்றிச் சொன்னார்.

துப்பாக்கிக் கதை அதோடு முடியவில்லை. முதல் தோட்டாவுக்கு 'டப்' என்று ஒரு சத்தம் வந்தது. தென்னம்பாளை விழுந்தால்கூட அதைவிடப் பலமாகக் கேட்கும். அணில் தின்பதை நிறுத்திவிட்டுக் குனிந்து என்னைப் பார்த்தது. பிறகு தின்றது. இருபது தோட்டா அடித்தேன். அணில் மேல் ஒன்றும் படவில்லை. ஒன்று மட்டும் நல்ல முற்றின காயில் பட்டது. என் பங்குக்கு நானும் ஒரு காயில் ஓட்டை போட்டேன்.

வெடித்த தோட்டாக் கூடுகளைப் பொறுக்கி வைத்திருந்தேன். நாட்டுத் துப்பாக்கிக்கு மருந்து இடித்துக் கொடுக்கும் ஒருவரிடம் கொண்டு போய், இதில் மறுபடி மருந்து நிரப்பித் தர முடியுமா என்று கேட்கப் போனேன். கேட்கவில்லை, கொட்டிக் காட்டினேன். அவர் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது வெளிம்புல அடிபட்டு வெடிக்குத சாதி. அந்த வெளிம்பு நசுங்கிட்டுன்னா நசுங்கினதுதான். புள்ளைகளுக்கு வெளையாடக் கொடும்." ஒரு தேங்காய் விற்ற காசுக்கு இரண்டு தோட்டாதான் வரும். அணிலே சிக்கனம் என்று தோன்றிவிட்டது. அதற்கப்புறம் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தினம் காலையும் மாலையும் தோப்புக்குள் சும்மா நடந்தேன். சுடவில்லை.

தை வந்தது. காய் வெட்டினோம். குவியல் ஏறிக்கொண்டே போயிற்று. முந்தின வருஷத்தைவிட அரைப்பங்கு கூட. மரத்தடியில் ஓட்டைக் காய் மட்டும் எப்போதும்போலத்தான் கிடந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அணில் ஓட்டை போட்டுக் கீழே தள்ளும். காம்போடு அறுத்து மூட்டை கட்டிக்கொண்டு போகாது. தோப்புக்குள் குறுக்கே நடந்து போகிறவர்கள் ஆவணியிலிருந்தே சுற்றிப் போக ஆரம்பித்திருந்தார்கள். துரையையே படிய வைத்தவன் கையில் துப்பாக்கி வேறு இருக்கிறது என்றால், எவன் குறுக்கே வருவான்? இரண்டு வருஷம் அந்த வாயில்லா ஜீவன்மேல் பழி போட்டிருக்கிறேன்.

வீரகேரளம்புதூர்க்காரர் குவியலைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். என் தோளில் கிடந்ததை ஏற இறங்கப் பார்த்தார்.

"எத்தன அணிலுவே விழுந்துது?"

"ஒண்ணும் விழல" என்றேன். என் ஆயுளில் ஒரு பெரிய மனிதர் முன்னால் தடங்கல் இல்லாமல் வந்த வார்த்தை அதுதான். அதுவும் முழு உண்மை.

அவர் நம்பவில்லை. "அடக்கத்தப் பாரு!" என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லி, குத்தகையை இன்னும் மூன்று வருஷத்துக்கு எழுதச் சொன்னார்.