எட்டாக மடித்த தாள்

மே மாதம் பிறந்தாலே சஜிதாவுக்குச் சோறு இறங்காது.

அவள் சிறப்பாசிரியை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்காகப் பள்ளி பள்ளியாகப் போய்வரும் ஒப்பந்த வேலை. பிளஸ் டூ முடித்ததும் அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் கல்லூரி விண்ணப்பத்துக்கு அவளைத்தான் தேடி வருவார்கள். வடசேரியில் ஒரு மாடியில் இருக்கும் ராஜகுமாரின் கம்ப்யூட்டர் சென்டரில், ஜன்னலோர நாற்காலி மே முழுக்க அவளுக்கு.

பயம் அனிஷால் வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு, மாற்றுத்திறனாளியா என்ற கேள்வி திரையில் வந்தபோது அனிஷின் அப்பா, "இல்லைன்னு போடுங்க டீச்சர், நாளைக்கு அவனுக்குப் பெண்ணு கெட்டணும்லா" என்றார். அவளும் போட்டுவிட்டாள். முதல் பருவத் தேர்வில், இல்லை என்று போட்டிருந்ததால், சொல்வதை எழுதித் தர ஆள் தரவில்லை. மூன்று மணி நேரம் உட்கார்ந்து பெயரையும் பதிவெண்ணையும் மட்டும் எழுதிவிட்டு எழுந்து வந்தான் அனிஷ். அதோடு படிப்பை விட்டான். அவன் அப்பா இப்போதும் வழியில் கண்டால், "சொகந்தானா டீச்சர்?" என்று சிரிப்பார். அவர் ஒரு தடவை திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கும் சஜிதாவுக்கு.

இந்த வருடம் கடைசி நாளில், மணி மூன்றரைக்கு மேல் செசிலி படியேறி வந்தாள். குளச்சலுக்கு அப்பால் ஒரு கடற்கரை ஊர், மீன் விற்கிறவள். பின்னாலேயே மகள் அபினா. கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் ஒரு வரியை வாசித்து முடிப்பதற்குள் எழுத்தெல்லாம் இடம் மாறிவிடும் என்பாள். பத்தாம் வகுப்பில் அவளுக்காக அலைந்து, பிளஸ் டூ வரை ஆங்கிலத் தேர்வு எழுதாமலிருக்க மொழிப்பாட விலக்கு ஆணை வாங்கிக் கொடுத்தது சஜிதாதான். பி.காம். படிக்க வேண்டுமென்று அபினாவுக்கு ஆசை.

பெயர், பிறந்த தேதி, சாதிச் சான்று, மருத்துவக் குழுவின் சான்று எல்லாம் ஏறின. ஆங்கில மதிப்பெண் கட்டத்தில் வந்து நின்றது. அந்த இடத்தில் எண் போட வேண்டும், இல்லையென்றால் விலக்கு ஆணையைப் பதிவேற்ற வேண்டும். சஜிதா ஃபைலை இரண்டு தடவை புரட்டினாள். ஆணை இல்லை.

"அது காணாமப் போச்சு டீச்சர்" என்றாள் செசிலி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

 அபினா செருப்பின் வாரைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள்.

"அஞ்சு மணிக்கு சைட்ட அடைச்சிருவான் டீச்சரே" என்றான் ராஜகுமார். "ஒரு முப்பத்தஞ்சு போட்டுத் தட்டி விடட்டுமா? யாரு பாக்கப் போறா?"

சரி என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. சஜிதா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். அனிஷின் அப்பா சிரிப்பது கண்ணுக்குள் வந்தது.

"வேண்டாம்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. அதற்குள் மணி நாலு.

"செசிலியக்கா, வீட்டுல தேடச் சொல்லி யாருக்காவது போன் போடுங்க. போட்டோ எடுத்து அனுப்பட்டும்."

"வீட்டுல இல்ல."

"பின்ன?"

"அம்மா கள்ளம் சொல்லுது டீச்சர்" என்றாள் அபினா. "தாளு அதுக்க பைக்குள்ளதான் கெடக்கு."

செசிலி மகளை முறைத்தாள். "நாக்கு நீளுது ஒனக்கு. ஏட்டி, சும்மா இரி." பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"எனக்குப் பேடி டீச்சர், அந்தத் தாளக் கண்டாலே பயம். எனக்குப் பத்து வயசு இருக்கும்ப. கடக்கரை ஏலத்துல எங்கப்பா எதிர்த்துப் பேசினாருன்னு எங்களுக்கு ஊர்விலக்கு போட்டாவ. எட்டு மாசம். கடையில உப்பு தரமாட்டாவ. பைப்புல எங்க கொடத்தத் தள்ளி வைப்பாவ. என் கூட்டுக்காரி என்னைக் கண்டா வேற தெருவுல போவா. அதே வார்த்தை. அபினாவுக்கு விலக்குன்னு சீல் வச்சுக் கையில தந்தாவ. வீட்டுல வச்சா யாரும் பாத்துருவாவ. கிழிச்சா சர்க்காரு சீலு. நான் என்ன செய்வேன்?"

மூன்று வருடமாக அதை அவள் மீன் விற்கப் போகும் பையின் அடியில் சுமந்திருக்கிறாள். மருத்துவச் சான்று ஆங்கிலத்தில் இருந்ததால் அதனிடம் அவளுக்குப் பயமில்லை. தமிழ்தான் பயமுறுத்தியது. அந்த ஆணையைத் தான் சிரித்துக்கொண்டே செசிலியின் கையில் கொடுத்த நாள் சஜிதாவுக்கு நினைவு வந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்று வாசித்துக்கூடக் காட்டவில்லை.

இப்போது என்ன சொல்வது என்று தெரியாமல், அனிஷின் கதையைச் சொன்னாள். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.  செசிலி தலை குனிந்தே கேட்டாள்.

அபினாதான் வாயைத் திறந்தாள். "எம்மா, விலக்கு எனக்கில்ல. இங்கிலீசுக்காக்கும். அதைத்தான் ஊர விட்டுத் தள்ளி வச்சிருக்கு. அதுக்கு உப்பு கொடுக்காண்டாம்."

ராஜகுமார் பிரிண்டருக்குப் பின்னால் திரும்பிச் சிரித்தான். செசிலி சிரிக்கவில்லை. ஆனால் பைக்குள் கையை விட்டு, பிளாஸ்டிக் கவரில் எட்டாக மடித்திருந்த தாளை எடுத்து மகளின் கையில் வைத்தாள்.

மடிப்புகள் சல்லடையாகியிருந்தன. ஒரு மடிப்பு சரியாக சீல் வழியாகக் கிழிந்து ஓடியது. ராஜகுமார் மூன்று தடவை ஸ்கேன் செய்தான். மூன்றாவதில் கையெழுத்தும் தேதியும் தெரிந்தன, சீல் பாதிதான். மாற்றுத்திறனாளியா என்ற கேள்வி வந்ததும் சஜிதா மவுஸை அபினாவிடம் தள்ளினாள். அவள் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து வாசித்தாள். நேரம் ஓடியது, யாரும் அவசரப்படுத்தவில்லை. ஆம் என்பதை அழுத்தினாள். விண்ணப்பம் போனபோது ஐந்துக்கு ஆறு நிமிடம்.

அதன் பிறகுதான் சஜிதா சரியாகப் பயந்தாள். கல்லூரியில் சான்று சரிபார்ப்பில் பாதி சீலைப் பார்த்துத் திருப்பி அனுப்பினால்? புது நகலுக்கு மனு எழுதிக் கொடுத்தாள். அது வந்து சேரவில்லை. சரிபார்ப்பு நாளில் அவள் திருவட்டாறில் ஒரு பயிற்சி வகுப்பில் இருந்தாள். பதினொரு மணிக்கு போன் அடித்தது. எடுக்கவில்லை. இரண்டாம் முறை அடித்தபோது வராந்தாவுக்கு வந்து, தூணைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள்.

"டீச்சர், சீல வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தாவ" என்றாள் அபினா. "ரொம்ப நேரம் பாத்தாவ. பிறகு சரின்னு ஒப்புப் போட்டாச்சு. பரிச்சைக்கு எழுத ஆள் உண்டுமான்னு நானே கேட்டேன். உண்டுமாம்."

பின்னாலிருந்து செசிலியின் குரல் கேட்டது. "டீச்சர்ட்ட கேளு மக்கா, இந்தத் தாள இனி எங்க வைக்கணும்னு."