ஜெர்மன் பீரின் வாசனை

கப்பலில் வேலை பார்த்த என் மச்சான், தொண்ணூறுகளில் ஒருமுறை ஜெர்மன் பீர் கொண்டுவந்தான். திருமுல்லைவாயில் வீட்டு மொட்டைமாடியில் எல்லாருக்கும் டம்ளரில் ஊற்றினான். வெளிர்மஞ்சள் நிறம், மேலே வெள்ளை நுரை.

"மோந்து பாரு மாமே, பூ வாசனை அடிக்குது!"

எல்லாரும் ஆமாம் என்றார்கள். நானும் தலையாட்டினேன்.

அம்பத்தூர் குரோம் பிளேட்டிங் பட்டறையில் என்னோடு வேலை செய்யும் ஏழுமலை மட்டும் சொன்னான்: "இன்னாடா இது, சோடாத் தண்ணி மாதிரி கீது."

மச்சான் சிரித்தான். ஏழுமலை சிரிக்கவில்லை. "ஆசிட் தொட்டிகிட்ட நின்னு நின்னு மூக்கு செத்துப்போச்சுப்பா. ஊட்ல கேஸ் லீக்கானதே எனக்குத் தெரியல. எம் பொண்ணுதான் கத்துச்சு."

நான் டம்ளரை மறுபடி மூக்கருகே கொண்டுபோனேன். ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். அதே தொட்டிக்கு எதிர்ப்பக்கம் நிற்பவன் நான்.

திங்கட்கிழமை காலை ஷிஃப்டுக்கு இரண்டு பேரும் போனோம். இன்றைக்கும் குழம்பு வாசனை எப்படி என்று மனைவி கேட்டால், பிரமாதம் என்றுதான் சொல்கிறேன்.